பெயர் பொறித்த கத்தி

கமிட்டி கூடியபோது ஆஜராகியிருந்தவர்கள்: கிழக்குப் பார்த்த பிரம்பு நாற்காலியில், மெத்தை போட்டு, தலைவர் ராவ்சாகிப் விருத்தாசலம். அவருக்கு வலப்பக்கம், மெத்தை இல்லாத பிரம்பு நாற்காலியில், தலைமை சர்ஜன் டாக்டர் பாண்டுரங்கன். இடப்பக்கம், கை வைத்த மர நாற்காலியில், அரிசி மில் முதலாளி அப்பாதுரை. நோயாளிகளுக்குக் கஞ்சி அரிசி அவர் மில்லிலிருந்து வந்ததால் அவர் வைத்தியக் கமிட்டியில் இருந்தார். எதிரே பெஞ்சில், பயிற்சி டாக்டர் தேவநாதன். கதவோரம், கவிழ்த்துப் போட்ட மருந்துப் பெட்டியின் மேல், பயிற்சி டாக்டர் அமல்ராணி.

பெஞ்சில் இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருந்தது. ஆனால் கல்யாணமாகாத ஆணும் கல்யாணமாகாத பெண்ணும் ஒரே பெஞ்சில் உட்காருவது ஆஸ்பத்திரியின் பெயருக்கு அழகல்ல என்று போன வருஷமே தீர்மானம் போட்டிருந்தார்கள். அந்தத் தீர்மானத்தை எழுதியதும் அமல்ராணிதான். அவள் கையெழுத்து முத்து கோத்தது மாதிரி இருக்கும். அதனால் கமிட்டியின் மினிட்ஸ், நன்கொடைக்கு நன்றிக் கடிதம், ராவ்சாகிப்பின் பேத்திக்கு வாழ்த்துமடல் எல்லாம் அவள் கையால்தான் போகும். கத்தி மட்டும்தான் அந்தக் கைக்கு வரவில்லை.

திண்டிவனத்துக்கு வெளியே, விழுப்புரம் சாலையில் இருந்த தாண்டவராயர் ஞாபகார்த்த தர்ம ஆஸ்பத்திரியில் கத்தி என்றால் சும்மா கத்தி இல்லை. டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு சர்ஜரி பழக வருகிற பிள்ளைகளுக்கு, ஆயுத பூஜையன்று, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்கிற கத்தி. எஃகுப் பிடி. பிடியில் இனிஷியலோடு பெயர் பொறித்திருக்கும். ராவ்சாகிப் தாம்பாளத்தைப் பிடிக்க, தலைமை சர்ஜன் எடுத்துக் கொடுப்பார். எலுமிச்சம்பழம் ஒன்றை அறுத்துக் காட்டிவிட்டால், பையன் அன்று முதல் தனியாக ஆபரேஷன் செய்யலாம். கத்தி வாங்காதவர்கள் பக்கத்தில் நின்று, அறுத்த இடத்தை விரித்துப் பிடிக்கும் கொக்கியைப் பிடிக்கலாம்.

இதிலிருந்து இன்னொரு சட்டமும் பிறந்திருந்தது: கத்தி யாருடையதோ, ஆபரேஷன் அவருடையது. டாக்டர் பாண்டுரங்கன் குற்றாலத்தில் அருவியில் நின்றுகொண்டிருந்த நாட்களில்கூட, அவர் கத்தியைப் பையன்கள் எடுத்து உபயோகித்ததால், திண்டிவனத்தில் அவர் ஆபரேஷன்கள் செய்துகொண்டிருந்தார். வருஷக் கடைசியில் அதைக் கூட்டிச் சொல்லும்போது அவரே ஆச்சரியப்படுவார்.

தேவநாதன் வந்தது அமல்ராணிக்கு ஒரு வருஷம் பின்னால். கத்தி வாங்கியது அவன் கண்ட முதல் ஆயுத பூஜையில். எலுமிச்சம்பழத்தை அறுக்கும்போதே விரலையும் கொஞ்சம் அறுத்துக்கொண்டான். ரத்தத்தைப் பார்த்ததும் தேவநாதனுக்குக் கண் இருட்டி, அமல்ராணிதான் தாங்கிப் பிடித்துக் கட்டுப் போட்டாள்.

"முதல் ரத்தம் சொந்த ரத்தம்! இவன் பெரிய சர்ஜனா வருவான்" என்றார் டாக்டர் பாண்டுரங்கன்.

இப்போது கமிட்டி கூடியது அமல்ராணியின் மனுவைப் பற்றி. எனக்கும் கத்தி தர வேண்டும் என்று எழுதியிருந்தாள். காரணமும் எழுதியிருந்தாள்: ஆஸ்பத்திரியை நடத்துகிற டிரஸ்டுக்காரர்கள் வளவனூரில் கிளை ஆஸ்பத்திரி கட்டுகிறார்கள், கத்தி வாங்கினவர்களில் ஒருவரைத்தான் அங்கே சர்ஜனாகப் போடுவார்கள், நான் வளவனூர்க்காரி. இன்னொரு காரணத்தை எழுதவில்லை. அவள் ஆறாம் கிளாஸ் படிக்கும்போது, வயிற்று வலியென்று அம்மாவை வளவனூரிலிருந்து விழுப்புரத்துக்கு மாட்டு வண்டியில் ஏற்றினார்கள். வழியில் கோலியனூர் தாண்டுவதற்குள் அம்மா பேச்சை நிறுத்திவிட்டாள். வெறும் குடல்வால்தான் உயிரைக் கொண்டுபோனது. கீறி எடுக்க ஊரில் ஒரு கை இல்லை.

ராவ்சாகிப் மனுவை மூக்குக்கண்ணாடிக்கு எட்டப் பிடித்துப் படித்தார். வெள்ளைக்காரன் கப்பல் ஏறிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் அவன் கொடுத்த பட்டத்தை இவர் விடவில்லை.

"கொடுக்கறதுல எனக்கு ஆட்சேபனையே இல்லம்மா. பெண்களை நான் தெய்வமா மதிக்கிறவன். ஆனா, இனிஷியல் என்னன்னு போடறது?"

"ஐ. அமல்ராணிங்க. அப்பா இன்னாசிராஜ்."

"சரி. நாளைக்கு உனக்குக் கல்யாணம் ஆகுது. இனிஷியல் மாறுது. எஃகுல பொறிச்சதை அழிக்க முடியுமா?"

அமல்ராணி குனிந்து எழுதிக்கொண்டே, "மாத்திக்காம இருந்துடறேங்க" என்றாள்.

புருஷன் பெயரைப் போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிற பெண்ணின் கையில் கத்தியைக் கொடுப்பது சரியா என்கிற புதுக் கேள்வியை அவளே கிளப்பிவிட்டாள்.

"எங்க மில்லுல கூட மூட்டைக்குச் சீல் அடிச்சப்புறம் பேரை மாத்தினா பேஜாருங்க. கல்யாணம் ஆவட்டும். அப்பால பொறிச்சிக் குடுத்துடலாம்" என்றார் அப்பாதுரை.

"கல்யாணம் ஆனப்புறம் கத்தி எதுக்குங்க? குழந்தையைப் பார்க்கறதா, குடலைப் பார்க்கறதா?" என்றார் டாக்டர் பாண்டுரங்கன். பிறகு அவள் பக்கம் திரும்பி, கனிவாக, "அமல்ராணி, உன்னை மாதிரிக் கொக்கி பிடிக்கிறவங்களை என் சர்வீஸ்ல பார்த்ததில்ல. மத்தியானம் பூரா நின்னாலும் கை ஆடாது. அந்தக் கைக்குக் கத்தியைக் கொடுத்து, ஒரு நல்ல கொக்கியை நான் இழக்கணுமா?" என்றார்.

தேவநாதன் பெஞ்சில் நெளிந்தான். அவன் ஆபரேஷன் செய்யும்போதெல்லாம், "இன்னும் கொஞ்சம் கீழே, அங்க ரத்தக்குழாய் இருக்கு, இப்ப கட்டு" என்று முகமூடிக்குள்ளிருந்து காதோடு சொல்லித் தருவது அந்தக் கொக்கிதான்.

முடிவாக, பெண்களைத் தெய்வமாக மதிக்கும் கமிட்டி ஒரு சலுகை செய்தது. கத்தி கிடையாது, ஆனால் அமல்ராணி ஒரே ஒரு ஆபரேஷனைச் சுதந்திரமாகச் செய்யலாம், தகுந்த பாதுகாப்போடு.

சுதந்திர ஆபரேஷன் நல்ல நாள் பார்த்து நடந்தது. வளவனூர்ச் சந்தையில் வெற்றிலை விற்கிறவருக்கு முழங்கையில் புளியங்கொட்டை அளவு கொழுப்புக் கட்டி. அதனால் அவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. பல்வலிக்கு வந்தவரைக் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்கள். கத்தி, டாக்டர் பாண்டுரங்கனுடையது. அமல்ராணி அதைப் பிடித்தாள். அவள் கையின் மேல் டாக்டர் பாண்டுரங்கன் தன் கையை வைத்துக்கொண்டார், நடுங்கிவிடக் கூடாதே என்று. மணிக்கட்டைத் தேவநாதன் தாங்கினான். முழங்கையைத் தியேட்டர் சிஸ்டர் சூசை மேரி பிடித்துக்கொள்ள வேண்டுமென்று உத்தரவு. ஆடுகிற ஊஞ்சலை ஆளாளுக்குப் பிடித்தது போல நான்கு பேரும் பிடித்ததில் கத்தி எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றது.

"இன்னா சார், அரசமரத்தையா வெட்டப் போறீங்க?" என்றார் வெற்றிலைக்காரர்.

கட்டி வந்தது. போட்டோ பிடித்தார்கள். தலைமை சர்ஜன் பேசினார்: "சுதந்திரம்னா என்ன? கை விடறது சுதந்திரம் இல்ல. கையைப் பிடிச்சிருக்கறதே தெரியாத மாதிரி பிடிச்சிருக்கறதுதான் சுதந்திரம்." சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். அமல்ராணியால் தட்ட முடியவில்லை. கையை இன்னும் யாரும் விடவில்லை.

சாயங்காலம் ஆபரேஷன் புத்தகத்தில் ஏறும்போது, கத்தி யாருடையதோ அவர் பேரிலேயே ஏறியது.

விழுப்புரம் ஜங்ஷனில் ரயில்வே வேலையிலிருந்து ஓய்ந்து, வளவனூரில் இருந்த அப்பா இன்னாசிராஜ் கார்டு போட்டுக்கொண்டே இருந்தார். "இங்கே சுவர் எழும்பிவிட்டது. கத்தி கொடுத்துவிட்டார்களா?" அடுத்ததில், "இங்கே ஓடு வேய்கிறார்கள். கத்தி கொடுத்துவிட்டார்களா?" அவள் பதில் போடுவாள்: "நலம். நீங்கள் நலமா?"

தை முடிந்து மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டைகள் விற்பனைக்கு மார்க்கெட் கமிட்டிக்குப் போகிற சமயம். மெட்ராஸிலிருந்து டிரஸ்டின் பெரிய அதிகாரி, திண்டிவனத்தில் நிற்காத எக்ஸ்பிரஸ் ரயிலில் வருகிறார் என்று ஆஸ்பத்திரி மொத்தமும் மாலையோடு விழுப்புரம் ஸ்டேஷனுக்குப் போயிருந்தது. டாக்டர் பாண்டுரங்கன் தன் கத்தியையும் பட்டுத்துணியில் சுற்றி எடுத்துப் போயிருந்தார், காட்டுவதற்கு. தேவநாதன் மாலையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தான். ஆஸ்பத்திரியில் இருந்தது அமல்ராணியும் சூசை மேரியும்தான்.

உச்சிவெயிலில் பெருமுக்கல்லிலிருந்து ஒரு வண்டி வந்தது. உள்ளே கண்ணையன் என்கிற குடியானவர். மூட்டை தூக்கும்போது அடிவயிற்றில் இருந்த பழைய குடலிறக்கம் வெளியே தள்ளி, உள்ளே போகாமல் மாட்டிக்கொண்டிருந்தது. முதல் நாளே வந்த வலி. வாந்தி பச்சையாக வந்தது. வீக்கத்தைத் தொட்டதும் மனுஷன் வண்டிச் சட்டத்தைக் கடித்தார்.

கூட வந்த அவர் பெண்சாதி வெள்ளையம்மாள், "பெரிய டாக்டரு எங்கம்மா?" என்றாள்.

"விழுப்புரம் போயிருக்காரு."

"அப்ப ஜல்தியா வரச் சொல்லும்மா. ரா பூரா உருண்டுக்கினு கெடந்தாரு. இப்ப சத்தமே காணோம்."

சத்தம் இல்லாததுதான் அமல்ராணிக்குப் பயமாக இருந்தது. கோலியனூர் தாண்டும்போது அம்மாவும் இப்படித்தான். அவள் ஸ்டேஷனுக்கு டெலிபோன் போட்டாள். வெகு நேரம் கழித்து, நாதஸ்வரத்துக்கு நடுவே டாக்டர் பாண்டுரங்கன் குரல் கேட்டது.

"சார், குடல் மாட்டிக்கிச்சு. இப்பவே திறக்கணும். காத்திருந்தா அழுகிடும்."

"ரயில் லேட்டு, அமல்ராணி. அதிகாரி இறங்கி, மாலை போட்டு, டிபன் சாப்பிட்டு, நாங்க வந்துடறோம். அதுவரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லு."

"யாரை சார்? குடலையா?"

"நீ பக்கத்துல இரு. தைரியம் சொல்லு. பெண்கள் தைரியம் சொன்னா நோயாளிக்குப் பாதி குணம்." வைத்துவிட்டார்.

அவள் தியேட்டருக்குப் போனாள். கத்திகள் இருக்கும் கண்ணாடி அலமாரி பூட்டியிருந்தது. கத்தி வாங்கினவர்களைத் தவிர யாருக்கும் சாவி தரக் கூடாது என்று சூசை மேரிக்கு எழுத்து மூலம் உத்தரவு. அதை எழுதியதும் அமல்ராணிதான்.

சூசை மேரி ஒரு நிமிஷம் யோசித்தாள். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள். "நான் ஈதர் பாட்டிலைத் தேடிக்கினு இருக்கேன் டாக்டரம்மா. இந்தாண்ட திரும்ப மாட்டேன்."

அலமாரியில் மிச்சமிருந்தது ஒரே கத்தி. பிடியில் 'ரா. தேவநாதன்' என்று பொறித்திருந்தது.

சூசை மேரி கண்ணையன் மூக்கின் மேல் துணியைப் போட்டு ஈதர் மயக்க மருந்தைச் சொட்டினாள். மணிக்கட்டைத் தாங்க யாரும் இல்லை. அமல்ராணி கீறினாள். கை போக வேண்டிய இடத்துக்குப் போயிற்று. எத்தனையோ நாள் கொக்கியைப் பிடித்துக்கொண்டே மனசுக்குள் வெட்டிப் பார்த்த இடங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக எதிரே வந்தன. கழுத்தை நெரித்தது போல் குடலைப் பிடித்திருந்த வளையத்தை அறுத்து விட்டாள். குடல் மடிப்பு வெளியே வந்தது, நாவல்பழ நிறத்தில்.

"போயிடுச்சா டாக்டரம்மா?"

"தெரியல சிஸ்டர். உப்புத் தண்ணி சூடா இருக்கா?"

வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் துணியை நனைத்து, குடலின் மேல் போர்த்தி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அசையாமல் நிற்பது அவளுக்குப் பழக்கம்தான். வெளியே வெள்ளையம்மாள் மாரியாத்தாளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது கேட்டது. துணியை எடுத்தாள். திரும்பவும் நனைத்துப் போட்டாள். மறுபடி எடுத்தபோது, கறுப்பின் ஓரத்தில் ஒரு சிவப்பு தெரிந்தது. அது மெதுவாகப் பரவியது. பிறகு குடல், தூக்கம் கலைந்த குழந்தை போல, ஒரு தரம் நெளிந்தது.

சூசை மேரி சிலுவை போட்டுக்கொண்டாள். அமல்ராணி உள்ளே தள்ளி, தைத்து மூடினாள். கதவைத் திறந்து, "பிழைச்சுக்குவாரு" என்றதும், வெள்ளையம்மாள் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கையில் ஈதர் வாசனை இருந்தது.

கண்ணையனுக்குத் தையல் பிரித்த வாரம் கமிட்டி கூடியது. அதே பிரம்பு நாற்காலி, அதே மெத்தை, அதே பெஞ்சு, அதே மருந்துப் பெட்டி. வராந்தாவில் கண்ணையனும் வெள்ளையம்மாளும்.

ராவ்சாகிப் ஆரம்பித்தார். "ஜில்லாவே பேசற ஆபரேஷன் நம்ம ஆஸ்பத்திரியில நடந்திருக்கு. மெட்ராஸ் அதிகாரி எங்க எதிர்லயே பாராட்டினாரு. புத்தகத்தைப் பார்த்தேன். ரா. தேவநாதன். எழுந்திருப்பா!"

தேவநாதன் எழுந்தான். "ஐயா, நான் அன்னிக்கு அங்க இல்லீங்க. ஸ்டேஷன்ல மாலை வெச்சிக்கினு நின்னுக்கினு இருந்தேன். செஞ்சது அக்காதாங்க. அமல்ராணி அக்கா."

அமல்ராணியின் பேனா நின்றது. அவன் சொல்லுவான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

டாக்டர் பாண்டுரங்கனின் கண் கலங்கியது. "பார்த்தீங்களா! இதைத்தான் நான் சொல்லிக்கிட்டே இருக்கேன். 'நான் அங்க இல்ல'ங்கறான். ஆபரேஷன் நடக்கும்போது தான் இருக்கறதையே மறக்கறவன்தான் அசல் சர்ஜன். எனக்கு இந்தப் பக்குவம் வர இருபது வருஷம் ஆச்சு."

"சத்தியமா இல்லீங்க சார்! நீங்களே பார்த்தீங்களே, உங்க பக்கத்துல—"

"அடக்கம்! இன்னும் அடக்கம்!" என்றார் அப்பாதுரை.

"கத்தி யாருது?" என்று ராவ்சாகிப் கேட்டார்.

"என்னுதுதாங்க. ஆனா—"

"உட்காரு. எழுதிக்கம்மா, அடக்கமாகப் பேசினார்னு."

அமல்ராணி எழுதவில்லை. பெட்டியிலிருந்து எழுந்தாள். "ஐயா, நோயாளியோட சம்சாரம் வெளியில இருக்காங்க. கதவாண்டதான் உட்கார்ந்திருந்தாங்க. உள்ள யாரு போனதுன்னு அவங்களைக் கேளுங்க."

கூப்பிட்டார்கள். வெள்ளையம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்து நின்றாள்.

"பயப்படாம சொல்லும்மா. உன் புருஷனுக்கு ஆபரேஷன் பண்ணது யாரு?"

அவள் அமல்ராணியைப் பார்த்தாள். நாற்காலிகளைப் பார்த்தாள். திரும்பி, தூணைப் பிடித்து நின்ற புருஷனைப் பார்த்தாள்.

"எனுக்கு ஒண்ணுந் தெரியாதுங்க சாமி. கண்ணை மூடிக்கினு ஆத்தாளைக் கூப்டுக்கினு இருந்தேன்."

பிறகு, வண்டி கட்டும் நேரத்தில், அவள் தியேட்டர் பின்பக்கமாக வந்தாள். மடியில் மல்லாட்டை கட்டியிருந்தாள். அமல்ராணியின் முன்னால் அவிழ்த்துக் கொட்டினாள்.

"தப்பா நெனச்சிக்காதம்மா. எங்க ஊரு பேச்சு உனுக்குத் தெரியாது. பொம்பள அறுத்த வவுறுன்னு சொன்னா, அவரு ஏர்க்காலைப் புடிக்க மாட்டாரு, டீக்கடைக்குப் போவ மாட்டாரு. ஏற்கெனவே மூட்டை தூக்கி வுழுந்தவன்னு சிரிச்சிக்கினு இருக்கானுங்க. அவரு உசுரை நீதான் குடுத்தே. எனுக்குத் தெரியும். எனுக்குத் தெரிஞ்சா போதாதாம்மா?"

அமல்ராணி ஒரு மல்லாட்டையை எடுத்து உடைத்தாள். "கனமானது எதுவும் தூக்க விடாதீங்க. ஆறு மாசத்துக்கு" என்றாள்.

"நீ கட்டிக்கப் போறவன் குடுத்து வெச்சவம்மா" என்று கன்னத்தை வழித்து நெட்டி முறித்துவிட்டு, வெள்ளையம்மாள் போய்விட்டாள்.

கமிட்டி அறையில் தீர்மானம் முடிந்திருந்தது. வளவனூர்க் கிளை ஆஸ்பத்திரிக்கு டாக்டர் ரா. தேவநாதனைச் சர்ஜனாகச் சிபாரிசு செய்வது. கதவோரம் தேவநாதன் அவளுக்காகக் காத்திருந்தான்.

"அக்கா, நான் சொன்னேன். கேக்க மாட்டேன்றாங்க."

"நீ சொன்னதை நான் கேட்டேன் தேவநாதா."

"எனக்குத் தனியா அங்க போவ பயமா இருக்குக்கா. நீங்க பக்கத்துல நின்னாத்தான் எனக்குக் கை ஓடும். அதை மட்டும் அவங்க கிட்ட சொன்னேன். உடனே ஒத்துக்கினாங்க. நீங்களும் வளவனூருதான்! அசிஸ்டென்டா!" அவன் உண்மையாகவே சந்தோஷப்பட்டான்.

உள்ளே ராவ்சாகிப் எழுந்து அங்கவஸ்திரத்தை உதறினார். "உன் ஊருக்கே போறே பார்த்தியா? கமிட்டி யாரையும் கைவிடாது. லெட்டரை இன்னிக்கே மெட்ராஸுக்கு அனுப்பிடும்மா. உன் கையெழுத்துல போனாத்தான் மரியாதை."

அவர்கள் அறையை விட்டுப் போனபின் அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். தேவநாதனும் போய்விட்டதால் இப்போது அதில் உட்காரலாம். இன்று வந்த கார்டு பையில் இருந்தது. "வெள்ளையடித்துவிட்டார்கள். வாசலில் போர்டு மாட்டப் பெயர் கேட்கிறார்கள். கத்தி கொடுத்துவிட்டார்களா?" அதை மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்தாள்.

காகிதத்தை நேராக்கி, ஓரம் விட்டு, எழுத ஆரம்பித்தாள். மேற்படி டாக்டர் ரா. தேவநாதன் தன்னந்தனியாக, எவருடைய உதவியுமின்றி, மிகவும் அபாயமான நிலையில் வந்த நோயாளிக்கு... குடல் எந்த நிறத்தில் இருந்தது, எத்தனை தரம் துணி நனைத்துப் போட்டது, எப்போது சிவந்தது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுதினாள். அதெல்லாம் தெரிந்தவர் வேறு யாரும் அங்கே இல்லை. அவருக்குத் துணையாகக் கொக்கி பிடிப்பதில் தேர்ந்த டாக்டர் ஐ. அமல்ராணியும்... இந்த வரியில் மட்டும் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதையும் எழுதி முடித்தாள்.

டாக்டர் பாண்டுரங்கன் வார்டைச் சுற்றிவிட்டுக் காருக்குப் போகிற வழியில் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அவள் உறையை ஒட்டி, மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, அரக்கைக் காட்டினாள். அரக்கு உருகி, சிவந்து, ஒரு சொட்டு விளிம்பில் திரண்டு நின்றது.

"பார்த்துப் பார்த்து. கை நடுங்கிச் சுட்டுக்கப் போறே. யாரையாவது பிடிச்சிக்கச் சொல்லு" என்று சொல்லிக்கொண்டே அவர் படி இறங்கினார்.

யாரும் பிடிக்கவில்லை. சொட்டு, விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. ஆஸ்பத்திரி முத்திரையை அதன் மேல் வைத்து, அரக்கு குளிரும்வரை அமல்ராணி அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, வாசலில் சைக்கிள் மணியடித்த பியூனிடம் உறையைக் கொடுத்தாள்.